தகரப் பெட்டியில் இருந்த கப்பல்

கடந்த ஷஅபான் மாதத்தில் ஒருநாள், மத்ரஸா முடிந்து பிள்ளைகள் கலைந்த வேளையில், எங்கள் தெருவைச் சேர்ந்த லாத்தா ஒருவர் தகரப் பெட்டியொன்றுடன் வந்தார். "ஹஜ்ரத், இது என் பாட்டனார் எழுதிய கடிதம். அறபுத்தமிழ். எங்கள் வீட்டில் இதை வாசிக்க இப்போது ஆளில்லை" என்றார்.

அப்பாட்டனார் பம்பாய்க்குச் சென்று வெள்ளையர் கப்பலில் பண்டாரியாக, அதாவது கப்பலாட்களுக்குச் சமைப்பவராக, ஊழியம் செய்தவர். 1942-ஆம் ஆண்டோடு கடிதம் நின்றுபோயிற்று. பம்பாயில் வேறொரு நிக்காஹ் செய்துகொண்டு குடும்பத்தை மறந்துவிட்டார் என்று ஊர் பேசியது. அவருடைய மனைவி இத்தா இருக்கவுமில்லை, மறுமணம் செய்யவுமில்லை. சபர் போனவர் திரும்புவார் என்றே காத்திருந்து வஃபாத்தானார். அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவர் இந்த லாத்தாவின் தாயார்.

ஊர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய அக்கடிதத்தில் ஹிஜ்ரி 1361 ரமளான் என்று தேதி இருந்தது. "நான் திலாவத்தில் இருக்கிறேன். அடுத்த சபர் ஆப்பிரிக்காவுக்கு" என்று வாசித்தேன். ரமளான் மாதமல்லவா, குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பதைச் சொல்கிறார் என்று பொருளும் கூறிவிட்டேன். இரவில் மீண்டும் பார்த்தபோதுதான் அச்சொல்லின் முடிவில் 'தே' இல்லை, வெறும் அலிஃப் என்பது புலப்பட்டது. திலாவத் அல்ல; திலாவா. பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிப்பவனுக்கே வந்த பிழை இது!

'திலாவா' ஒரு கப்பலின் பெயர். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1924-இல் கட்டப்பட்டது. 1942 நவம்பர் 20 அன்று பம்பாயிலிருந்து ஆப்பிரிக்கத் துறைமுகங்களை நோக்கிப் புறப்பட்டது. 732 பயணிகள், 222 ஊழியர்கள், நான்கு பீரங்கி வீரர்கள், ஆக 958 பேர். மூன்றாம் நாள், நவம்பர் 23 அன்று, ஜப்பானிய நீர்மூழ்கி அதனைத் தகர்த்தது. 280 பேர் மாண்டனர்.

இரண்டாம் உலகப் போரில் கடலில் உயிர்நீத்த இந்தியக் கப்பல் ஊழியர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுக்குக் கல்லறை இல்லை, நினைவேடு உண்டு. ஒரே மாதிரியான இரு ஏடுகளில் ஒன்று மும்பையின் இந்திய மாலுமிகள் இல்லத்திலும், மற்றொன்று வங்கதேசத்தின் சிட்டகாங் போர்க் கல்லறையிலும் வைக்கப்பட்டுள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் அப்பெயர்களைக் கணிப்பொறியில் இலவசமாகத் தேடத் தந்திருக்கிறது. லாத்தாவின் பேரன் உடனிருக்க நாங்கள் தேடினோம்.

தேடல் எளிதாயிருக்கவில்லை. நம் பெயர்களை ஆங்கில எழுத்தர்கள் செவியில் விழுந்தவாறு எழுதினார்கள். முகம்மது என்ற பெயரொன்றே நாலைந்து வடிவங்களில் கிடக்கிறது. மரைக்காயர், லெப்பை என்பன சில வேளை பெயராகவும் சில வேளை தந்தை பெயராகவும் பதிவாகும். ஆகவே பெயரைவிடக் கப்பலையே பிடித்துக்கொள்ள வேண்டும். கப்பலையும் தேதியையும் வைத்துத் தேடியபோது பாட்டனாரின் பெயர் இரண்டு பேருக்கு இருந்தது. ஒருவருக்குப் பதவி 'பண்டாரி'. தந்தை பெயர் இல்லை.

இதைக் கொண்டு நான் தீர்ப்புக் கூறவில்லை. நான் ஆசிரியன், காஜி அல்லன். ஆயினும் ஊர்ப் பேச்சுக்கு எழுபது எண்பது ஆண்டுகளாக ஒரு துண்டுக் காகிதமும் சாட்சியாக வந்ததில்லை. இவர் பக்கமோ கப்பல், பதவி, காலம் மூன்றும் ஒத்துவருகின்றன.

இன்னும் ஒரு வாசல் உண்டு. பிரிட்டிஷ் கப்பல் ஒவ்வொன்றுக்கும் பதிவெண் ஒன்று உண்டு. கப்பலின் பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. 1939 முதல் 1950 வரையிலான ஊழியர் பட்டியல்கள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவ்வெண்ணின் வரிசையிலேயே அடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு முந்தையவற்றில், 1863 முதல் 1938 வரை, பெரும்பகுதி கனடாவின் நியூபவுண்ட்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. 1915-ஆம் ஆண்டுப் பட்டியல்களைக் கணிப்பொறியிலேயே தேடலாம். ஆனால் இந்திய ஊழியர்களிடம் பெரும்பாலும் தனி ஒப்பந்தம் எழுதி வாங்கியதால், அவர்கள் பெயர் எல்லாப் பட்டியலிலும் கிடைப்பதில்லை. கியூவுக்கு எழுதலாமென்று பேரன் சொல்லியிருக்கிறான்.

தங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கப்பல் ஊழியச் சான்றேடு கிடந்தால், அருள்கூர்ந்து, செல்லரித்ததென்று எறிந்துவிடாதீர்கள். கப்பலின் பெயர், பதிவெண், ஏறிய நாள், இறங்கிய நாள், தந்தையார் பெயர், அங்க அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். லாத்தா வீட்டில் அது இல்லை. பாட்டனாருடனேயே போய்விட்டது போலும்.

மறுநாள் லாத்தா ஒன்றை மட்டும் கேட்டார்: "ஹஜ்ரத், அந்த நாள் நம்முடைய மாதத்தில் எந்தப் பிறை?" கணக்குப் போட்டுப் பார்த்தேன். துல்கஃதா பதினான்கு, ஒரு நாள் முன்பின் இருக்கலாம். அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, கடிதத்தோடு சேர்த்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.