கொறடாவின் கையில் மனச்சான்று



2022 நவம்பர் 29ஆம் நாள் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 377ஏ பிரிவை நீக்கிற்று. ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கி 1938இல் பிரித்தானியர் இயற்றிய சட்டம் அது. அன்றே அரசமைப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்னும் வரையறையை அடிப்படை உரிமையின் பெயரால் நீதிமன்றத்தில் எதிர்க்க இனி வழியில்லை.

இதனை முடிவுசெய்ய வேண்டியோர் நீதிபதிகள் அல்லர், மக்களின் பேராளர்களே என்றது அரசு. ஒப்புக்கொள்வோம். அவ்வாறாயின் அப்பேராளர்களைத் தத்தம் மனச்சான்றின்படி வாக்களிக்க விட்டிருக்க வேண்டாமா? மக்கள் செயல் கட்சி கொறடாவின் கட்டுப்பாட்டைத் தளர்த்தவில்லை. பாட்டாளிக் கட்சி தளர்த்திற்று. அதன் உறுப்பினர் இருவர் நீக்கத்தை எதிர்த்தே வாக்களித்தனர். அவர்தம் கருத்து எனக்கு உடன்பாடன்று. எனினும் அது அவர்களுடைய கருத்து!

தம் காலத்தில் வரையறை மாறாது என்று அன்றைய பிரதமர் லீ சியன் லூங் ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டார். பின்னாளில் பிரதமரான லாரன்ஸ் வோங்கும் அவ்வாறே மொழிந்தார். விடைத்தாளை முன்னரே கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பானேன் என்று என் ஐந்தாம் வகுப்பு மாணவனே கேட்பான்.

மணமானோர் 21 வயதில் வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்; மணமாகாதோர் 35 வயதுவரை காத்திருக்க வேண்டும். பத்தாண்டு ஒன்றாக வாழும் இரு பெண்களும் சட்டத்தின் கண்ணுக்கு மணமாகாதோரே. திருமணம் என்னும் சொல்லைத் தர மனமில்லையேல், பதிவுசெய்த துணைமை என்றேனும் ஒன்றைத் தந்திருக்கலாம். அரசு அதனையும் முன்வைக்கவில்லை.