உடையும் முன் சுடும் இரும்பு

கன்டெய்னர் ஏற்றித் துறைமுகம் போகும் டிரெய்லரில் ஸ்பிரிங் பட்டை உடைந்தால், சென்னைப் புளியந்தோப்புப் பக்கத்து மெக்கானிக் சென்டர் போல்ட் ஓட்டையைத்தான் முதலில் பார்ப்பார். பல நேரம் முறிவு அங்கேதான் இருக்கும். உடைந்த முகத்தைத் துணியால் துடைத்தால் கதை தெரியும். ஓட்டையின் விளிம்பிலிருந்து கிளிஞ்சல் வரிகளோடு வழவழப்பாக ஒரு பகுதி. அது விரிசல் நாள்கணக்கில் ஊர்ந்து வந்த தடம். மிச்சம் சொரசொரவென்று மின்னும். அது கடைசியாக ஒரே நொடியில் விட்டது.

ஓவர்லோடு என்று ஓட்டுநர்மேல் பழியைப் போட்டுவிட்டு ஊர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. அது பாதி உண்மைதான். தாங்கக்கூடிய சுமையாகவே இருந்தாலும், லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிரும் எஃகு சோர்ந்துபோகும். ஓட்டை, காடி, கூர்மூலை என்று எங்கே வெட்டு இருக்கிறதோ அங்கே சோர்வு தொடங்கும். அகலமான தகட்டை இழுத்தால், அதிலுள்ள சிறு வட்ட ஓட்டையின் விளிம்பில் மட்டும் இழுவிசை 3 மடங்கு. 1842-இல் பிரான்சின் வெர்சாய் அருகே ரயில் இஞ்சின் அச்சு முறிந்து 50 பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகுதான் பொறியாளர்கள் இந்தச் சோர்வைத் தீவிரமாக ஆராய்ந்தார்கள்.

விரிசல் கண்ணில் படுவதற்கு முன்பே வெப்பத்தில் தெரியும். எஃகை இழுத்தால் இம்மியளவு குளிரும், அழுத்தினால் சூடேறும். 1850-களிலேயே கெல்வின் இதற்குக் கணக்குச் சொன்னார். சதுர மில்லிமீட்டருக்குச் சுமை 10 கிலோ மாறினால் எஃகின் வெப்பநிலை ஏறக்குறைய 0.1 டிகிரி மாறும். இன்றைய நல்ல வெப்பக் கேமரா 0.02 டிகிரியையே பிரித்துக் காட்டுகிறது. உலோகத்துக்குள் சேதம் தொடங்கிவிட்டால் ஏறிய சூடு முழுதாக இறங்குவதில்லை. வெட்டின் ஓரம் திரையில் தனியாக ஒளிரும்.

சாலையோரம் நிற்கும் லாரியில் இது எடுபடாது. பட்டைக்குப் பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் அடித்து, சுமையை ஏற்றி இறக்கும் இயந்திரத்தில் பூட்டித்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட சோர்வுச் சோதனை இயந்திரம் தரமணியில் எஸ்.இ.ஆர்.சி. என்ற கட்டமைப்புப் பொறியியல் ஆய்வகத்தில் உண்டு. அசோக் மோட்டார்ஸ் வண்டி கட்டிய எண்ணூரும், 1955-இல் என்ஃபீல்டு வந்த திருவொற்றியூரும் இருக்கும் வடசென்னையில், ஐ.டி.ஐ. மாணவர்களும் பட்டறைக்காரர்களும் கண்ணால் பார்க்கும்படி அப்படி ஒரு இயந்திரமாவது வேண்டும். பழைய பட்டைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அரசு அதை அமைக்க வேண்டும்.

அதுவரை பட்டறைகளுக்கு ஒரு வேண்டுகோள்: பட்டையின் ஓட்டையை கேஸ் கட்டரால் பெரிதாக்காதீர்கள், விரிசல் விட்ட பட்டைக்கு வெல்டிங் வைத்து வண்டியை அனுப்பாதீர்கள்.