கார் ரிப்பேர் கூலி: தொகையை விடுங்க, கணக்கைக் கேளுங்க

கார் ரிப்பேர் பில் வந்ததும் நம்ம ஆளுங்க முதல்ல கேக்குறது, "சாமான் அஞ்சாயிரம், சரி. கழட்டி மாட்ட மூவாயிரமா?" என்பதுதான். வேலை தெரிஞ்சவனுக்கு மூவாயிரம் கொடுக்கறதுல எனக்கு வருத்தம் இல்லை. அந்த மூவாயிரம் எந்தெந்த வேலைக்குன்னு நாம கேக்கறதும் இல்லை, அவங்க சொல்றதும் இல்லை. என் வருத்தம் அதுலதான்.

ரேடியேட்டர் வேலை நம்ம பக்கம் அடிக்கடி வரும். கீழவாஞ்சூர்ல ஒரு பக்கம் கடல், போர் போட்டா உப்புத் தண்ணி. அவசரத்துக்கு அந்தத் தண்ணியைப் பிடிச்சு ஊத்துறோம். வெந்நீர் பானை அடியில வெள்ளையாப் படியுதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் படியும். குழாயோ மெல்லிசு. பாதி அடைச்சாலே சூடு ஏறிடும். வெளியில உப்புக் காத்து அலுமினியத் தகட்டைத் தின்னும். காத்துல குளிர்ற ஐச்சர் 241 டிராக்டர் வச்சிருந்தவங்களுக்கு ரேடியேட்டர் தொல்லையே கிடையாது. காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அம்பாசடர் காலத்துல ரேடியேட்டர்னா செம்பும் பித்தளையும். ஓட்டை விழுந்தா பட்டறையில ஈயம் வச்சு ஊதித் தருவாங்க. அதுல சாமான் செலவு கொஞ்சம், கைக்கூலிதான் பெருசு. இப்ப வர்றது நடுவுல அலுமினியம், ரெண்டு ஓரத்திலும் பிளாஸ்டிக் தொட்டி. தொட்டி வெடிச்சா பெரும்பாலும் முழுசா மாத்தச் சொல்றாங்க. ஒட்டுற வேலை போய் கழட்டி மாட்டுற வேலை வந்துடுச்சு. அதனாலதான் "சும்மா கழட்டி மாட்டுனதுக்கா இவ்வளவு?"ன்னு நமக்குத் தோணுது.

கம்பெனி ஒர்க்‌ஷாப்புகள்ல ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம்னு அட்டவணை உண்டு. அதை மணிக்கூலியால பெருக்கித்தான் பில் போடுவாங்க. பையன் ஒரு மணியில முடிச்சாலும் அட்டவணையில ரெண்டு மணின்னா ரெண்டு மணிக்குத்தான் காசு. மூணு மணி இழுத்தாலும் அதே காசுதான். நம்ம ஊர்ல நடவை மாக் கணக்குல குத்தகைக்கு விடற மாதிரி. முறை தப்பில்லை.

தப்பு எங்க வருதுன்னா, என் மச்சினன் மகன் பில்லைச் சொல்றேன். நாகூர், வேளாங்கண்ணி, திருநள்ளாறுன்னு சவாரி அடிக்கிற பிள்ளை. வண்டி நின்னா அன்னைக்கு வருமானம் இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்புல ரேடியேட்டர் மாத்துனதுக்கு கூலி மட்டும் இப்படி: ரேடியேட்டர் கழட்டி மாட்ட 1,400, பம்பர் கழட்டி மாட்ட 900, கூலண்ட் மாத்த 450, சிஸ்டம் செக் 500. மொத்தம் 3,250. அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி 585.

அவன் வண்டியில பம்பரைக் கழட்டாம ரேடியேட்டர் வெளிய வராது. கூலண்டை வடிக்காமலும் எந்த வண்டியிலும் வராது. அப்ப அந்த 1,400 எதுக்கு? நாத்து பறிச்சு, கட்டு தூக்கி, நட்டு முடிக்க மாவுக்கு இவ்வளவுன்னு பேசிட்டு, கட்டு தூக்குனதுக்குத் தனிக்கூலி கேட்டா நாம விடுவோமா? இங்க மட்டும் வாயை மூடிக்கிட்டுக் கொடுக்கிறோம். வரியோட சேர்த்தா 1,593 ரூபா.

இன்னொரு பக்கமும் சொல்லணும். கூலி குறைச்சலா இருக்குன்னு மரத்தடிக்குப் போய், "சூடு ஏறுதா, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடு"ன்னு சொல்ற ஆள்கிட்ட விட்டா அது லாபம் இல்லை. அது இல்லாட்டி என்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், எண்ணெய் கூடக் குடிக்கும். அடைப்பு அடைப்பாவே இருக்கும். காத்தை முழுசா வெளியேத்தி, பிரஷர் வச்சு கசிவு பார்த்து, ஃபேன் ஓடுதான்னு நின்னு பார்க்கிறவனுக்கு ஐநூறு கூடக் கொடுக்கலாம். ஒரு தடவை ஹெட் கேஸ்கெட் போச்சுன்னா அந்த ஐநூறு பெருசாத் தெரியாது.

சில டீசல் கார்கள்ல வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால இருக்கும். பெல்ட் மாத்தும்போதே பம்பையும் மாத்துனா பிரிக்கிற கூலி ஒரு தடவைதான். பம்ப் விலையை மிச்சம் பிடிக்கப் போய், ஆறு மாசம் கழிச்சு அதே கூலியை மறுபடி அழறவங்களைப் பார்த்திருக்கேன்.

அறுவடைக்கு மிஷின் இறக்கும்போது நாம எவ்வளவு கேக்குறோம்! டயர் வண்டியா, பெல்ட் வண்டியா, மணிக்கு எவ்வளவு, வயல்ல இறங்குன நேரத்திலிருந்து கணக்கா, ரிப்பேராகி நின்னா அந்த நேரம் கழிவா? ஈர வயல்னா பெல்ட் வண்டிக்குக் கூட ஆகும்னு தெரியும், கொடுக்கிறோம். காரணம் தெரிஞ்சா கொடுக்க மனசு வருது.

அதே மாதிரி காரை விடும்போதும் கேளுங்க. என்ன வேலை, எத்தனை மணிக் கணக்கு, அந்த வேலைக்குள்ள எதெல்லாம் அடக்கம்? வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க. பழைய சாமானைக் கையில கேளுங்க. சாமானுக்கு 28 சதவீத வரின்னு யாராவது இன்னும் சொன்னா, 2025 செப்டம்பர் 22-லேருந்து 18 தான்னு சொல்லுங்க. பேசியும் தீரலைன்னா நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு.

பட்டறைக்காரங்களுக்கும் ஒண்ணு: கூலியைக் குறைக்க வேண்டாம் தம்பி, பிரிச்சு எழுதுங்க. பம்பரை ரேடியேட்டர் கூலிக்குள்ளயே சேர்த்து 2,000-ன்னு போட்டிருந்தா மச்சினன் மகன் சந்தோஷமாக் கொடுத்திருப்பான். அடுத்த சவாரி வண்டியையும் அவனே கூட்டிட்டு வந்திருப்பான்.