ராணிப் பட்டம் யாருக்கு வேணும்?

என் சின்னம்மா சாராயம் வித்தவள். எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் இதைச் சொல்ல வெட்கப்பட்டேன். இப்போது இல்லை. எங்கள் ஊர்த்தெரு எழுத்தாளர் ஒருவர் அவளைக் கதையாக்கினார். கதையில் அவளுக்குக் கிறங்கடிக்கும் சிரிப்பு இருந்தது, ஊரையே ஆட்டிவைக்கும் திமிர் இருந்தது. புருஷன் செத்து இரண்டு பிள்ளைகளோடு நின்றவள் என்பது இல்லை. மாசாமாசம் மாமூலுக்கு வந்த போலீஸ்காரன் இல்லவே இல்லை.

ஹார்லெமின் ஸ்டெஃபனி செயின்ட் கிளேரைப் பற்றிய புனைவுகளைப் பார்க்கும்போது அந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது.

கரீபியக் கடலில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட தீவிலிருந்து 1910களின் தொடக்கத்தில் நியூயார்க் வந்திறங்கிய கறுப்புப் பெண் அவர். 1920களில் 'நம்பர்ஸ்' என்ற எண் சூதாட்டத்தை நடத்தினார். மூன்று இலக்க எண் ஒன்றில் சில்லறைக் காசு கட்டலாம். விழுந்தால் ஒன்றுக்கு 600. ஆனால் விழுவது ஆயிரத்தில் ஒன்று. இடையிலிருக்கும் லாபம் நடத்துபவருக்கு. வெள்ளையர் வங்கிகள் கறுப்பர்களுக்குக் கடனும் தரவில்லை, வேலையும் தரவில்லை. காசு வசூலிக்கவும் கணக்கெழுதவும் ஹார்லெம் மக்களுக்கு இந்தத் தொழில்தான் வேலை கொடுத்தது. இதற்குத்தான் 'நிழலுலகம்' என்று பேர். கதவைச் சாத்தியவன் உலகத்துக்கு என்ன பேர் என்று எவனும் கேட்கவில்லை.

அவர் செய்த பெரிய காரியம் துப்பாக்கி தூக்கியதல்ல. கறுப்பர் பத்திரிகையில் காசு கொடுத்து விளம்பரம் போட்டார். போலீஸ் லஞ்சத்தை அதில் அம்பலப்படுத்தினார். வீடு புகுந்து சோதனை போட வந்தால் உனக்கு என்ன உரிமை உண்டு என்று சனங்களுக்குச் சொன்னார். கைதாகிச் சிறையும் போனார். 1930இல் வெளியே வந்ததும், நகர நீதிமன்றங்களின் ஊழலை விசாரித்த சீபரி விசாரணையில் போய் நின்று, போலீஸுக்குத் தான் கட்டிய பணத்தைச் சொன்னார். மதுவிலக்கு 1933இல் முடிந்தது. கள்ளச்சாராயப் பணம் வற்றிய வெள்ளை ரவுடிக் கும்பல்களுக்கு ஹார்லெமின் சில்லறை இன்னும் அவசியமாகிப்போனது. அதைப் பிடுங்க வந்த டச்சு ஷுல்ட்ஸுக்கு அவர் பணியவில்லை.

இதில் எதைப் புனைவு எடுத்துக்கொண்டது? 1997இல் வந்த 'ஹூட்லம்' படத்தில் செயின்ட் கிளேராக நடித்தவர் சிசிலி டைசன். மகா நடிகை. ஆனால் கதை அவரைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, அவரிடம் வேலை பார்த்த பம்பி ஜான்சனின் வீரத்தைப் பாடப் போய்விடுகிறது. அவர் கட்டியதைக் காக்க ஓர் ஆம்பளை வேணுமாம்! மார்த்தினிக்கின் ரஃபாயேல் கோன்ஃபியான் 2015இல் எழுதிய பிரெஞ்சு நாவலில் அவரே தன் கதையைச் சொல்கிறார். இது வேறு வழி, வரவேற்கிறேன். ஆனால் அதன் தலைப்பும் 'ஹார்லெமின் ராணி' என்றே முடிகிறது.

தோழர்களே, இந்தக் கிரீடம் ஒரு தந்திரம். ராணி என்றால் அவர் விதிவிலக்காகிவிடுகிறார். மற்ற பெண்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. லஞ்சம் வாங்கியவனையும் விசாரிக்க வேண்டியதில்லை.

அதற்காக அவரைப் புனிதராக்கவும் நான் தயாரில்லை. ஏழைகளின் காசில்தான் அவர் மாளிகைவாசம் வாழ்ந்தார். 1938இல் தன் துணைவரையே சுட்டுச் சிறை போனார். என் சின்னம்மா வித்ததைக் குடித்து எங்கள் சேரியில் குடும்பங்கள் அழிந்தன. என் மாமனும் அதில் ஒருவன். இதையும் எழுது. எழுதும்போது தொழிலை விட்டு வைத்தவன் யார், மாமூல் வாங்கியவன் யார் என்பதையும் சேர்த்தே எழுது.

நாம்தேவ் தசால் 1972இல் 'கோல்பிதா' கவிதைகளை எழுதியபோது பம்பாயின் அந்தத் தெருக்களை வேடிக்கை பார்த்து எழுதவில்லை. அங்கே வாழ்ந்து எழுதினார். அந்த வித்தியாசத்தைத்தான் கேட்கிறேன்.

அந்தச் சிறுகதையைச் சின்னம்மாவுக்கு ஒருநாள் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னது: "காசையும் வாங்கிக்கினு கேசும் போட்டானுவளே, அத்த ஏன்டா அவரு எழுதல?"

சீபரி விசாரணையில் செயின்ட் கிளேர் சொன்னதும் இதேதான்.