கணக்கு வேண்டாம் என்று வருகிறவர்கள்

முதலாமாண்டு வகுப்பு தொடங்கும் வாரத்தில் உயிரியல் துறைகளில் நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஏன் இந்தப் பாடத்தை எடுத்தீர்கள்? "நீட்ல மார்க் வரலை சார்" என்பார்கள் பலர். "மேத்ஸ் இருக்காதுன்னு எடுத்தேன்" என்பார்கள் வேறு சிலர். முதல் பதிலுக்கு ஆறுதல் சொல்கிறோம். இரண்டாவதைக் காதில் வாங்காமல் கடந்துவிடுகிறோம். என் கவலை அந்த இரண்டாவது பதிலைப் பற்றியது.

பிளஸ் ஒன்னில் பியூர் சயின்ஸ் குரூப் எடுக்கும் பிள்ளைக்குப் பதினைந்து வயதோடு கணக்கு முடிந்துபோகிறது. நீட் மட்டுமே குறி என்றால் குறை தெரியாது. அதில் கணிதத் தாளே இல்லை. ஆய்வுப் பக்கம் திரும்பினால்தான் தெரியும். ஐசர் நுழைவுத் தேர்வைப் பள்ளியில் கணிதம் எடுக்காதவரும் எழுதலாம். ஆனால் 60 கேள்விகளில் 15 கணிதம். முதுகலைக்குப் பின் வரும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் 200 மதிப்பெண்ணில் 30 பொதுத்திறன் பகுதிக்கு. அதில் பெரும்பகுதி கணக்கும் வரைபடமும்தான். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். வீட்டிலிருந்து பணம் வராத பிள்ளைக்கு முனைவர் பட்ட ஆசையே அந்தத் தொகையை நம்பித்தான் இருக்கிறது. நாலைந்து மதிப்பெண்ணில் அதைத் தவறவிட்டுத் திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள் நம் எல்லோர் துறையிலும் உண்டு.

தேர்வை விடுங்கள். கடைசிப் பருவத் திட்டக் கட்டுரைக்காக ஒரு மாணவி நான்கு மாதம் தெருத் தொட்டிகளில் கொசுப்புழு எண்ணினாள். தேதி, நேரம், நீரின் வெப்பம் என்று நோட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தொட்டிக்கு ஒரே ஒரு கரண்டி நீர்தான் எடுத்திருந்தாள். இந்தத் தொட்டிக்கும் அந்தத் தொட்டிக்கும் இருந்த வேறுபாடு உண்மையா, தற்செயலா என்று சொல்ல வழியே இல்லை. எத்தனை கரண்டி எடுக்க வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டியவன் நான். நான்கு மாத உழைப்பு வீணானதற்கு அவள் பொறுப்பல்ல.

புள்ளியியல் நமக்கு அயலான துறையும் அல்ல. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநர் அனன்டேல், தம்மிடம் சேர்ந்திருந்த மனித உடல் அளவீடுகளை இயற்பியல் பேராசிரியர் மகலனோபிஸிடம் கொடுத்தார். அதிலிருந்து பிறந்த கட்டுரை 1922இல் வெளிவந்தது. அந்த மகலனோபிஸ் உருவாக்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1957இல் மரபியலாளர் ஹால்டேன் வந்து சேர்ந்தார். விலை உயர்ந்த கருவிகள் இல்லாமலே இந்தியாவில் நல்ல உயிரியல் செய்யலாம் என்பது அவர் நம்பிக்கை. அவரோடு வேலை செய்த எஸ்.கே. ராய், பவளமல்லிப் பூக்களின் இதழ்களை நாள்தோறும் எண்ணினார். ஒரே மரத்தில் ஐந்து இதழ்ப் பூவும் ஆறு, ஏழு இதழ்ப் பூவும் இருக்கும். அந்த எண்ணிக்கை பருவம் நெடுக எப்படி மாறுகிறது என்பதே கேள்வி. தேவைப்பட்டவை பொறுமை, ஒரு நோட்டு, சராசரியும் திட்ட விலக்கமும். ஆய்வு என்பது பெரிய நிறுவனத்தின் வாசலைத் தாண்டினால்தான் தொடங்கும் என்று நம்பும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

பாடத்திட்டக் குழு கூடும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். முதல் பருவத்திலேயே வாரம் ஒரு மணி நேரம், மாணவர்கள் தாங்களே எடுத்த அளவீடுகளை வைத்துக் கணக்குப் போடட்டும். எக்செல்லில் தொடங்கி, இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' மென்பொருளுக்குப் போகலாம். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு இளநிலை மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் அதற்கு வேண்டும். 'நன்றாகப் படிப்பவர்' என்பதோடு முடியாமல், என்ன அளந்தார், அதில் என்ன கண்டார் என்று அந்தக் கடிதத்தில் நாம் எழுத முடிய வேண்டும்.

புரட்டாசி வாக்கில் பவளமல்லி பூத்துக் கொட்டும். வெயில் ஏறினால் இதழ் வாடிவிடும், ஆறு மணிக்கே மரத்தடியில் இருக்க வேண்டும். நாளுக்கு நூறு பூ, முப்பது நாள். உங்கள் மாணவர்கள் எண்ணிய அட்டவணையை எங்களுக்கு அனுப்புங்கள். எண்ணியவர்களின் பெயரோடு தை இதழில் வெளியிடுகிறோம்.