சில்லுகளின் உரையாடலும் தமிழ்த்துறையின் கடமையும்

துணி துவைக்கும் எந்திரம் முதல் மின்னளவி வரை, நம் இல்லத்துக் கருவிகள் பலவற்றுள்ளும் இன்று மைக்ரோகன்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்பாட்டுச் சில்லு அமர்ந்திருக்கின்றது. அச்சில்லுகள் தம்முள் உரையாடும் முறையை மாணவர் பலர் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து, தேர்வெழுதி, மறந்துவிடுகின்றனர். இக்குறையைக் களைவதில் தமிழ்த்துறைக்கும் பங்குண்டு என்பதே நம் கருத்து.

எட்டுப் பிட்டுகளை எட்டுக் கம்பிகளில் ஒருசேர அனுப்புவது ஒரு முறை. ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது தொடர்முறை. கம்பிகள் குறைவதால் பின்னதே பெரிதும் வழங்குகின்றது. இண்டெல் நிறுவனம் 1980இல் வெளியிட்ட 8051 சில்லிலேயே இதற்கான உறுப்பு அமைந்திருந்தது. செய்தி இல்லாதபோது கம்பி 1 என்னும் நிலையில் நிற்கும். 0 என்னும் தொடக்கப் பிட் வந்ததும் பெறுகின்ற சில்லு விழித்துக்கொண்டு, அடுத்த எட்டுப் பிட்டுகளைச் சம இடைவெளியில் படிக்கும். 1 என்னும் முடிவுப் பிட்டுடன் ஒரு பைட் நிறைவுறும்.

லால்குடி என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி அது நான்கு எழுத்து. யூனிகோடு முறையிலோ எட்டுக் குறியீடுகள். யூடிஎஃப்-8 வடிவில் 24 பைட்டுகள். பைட்டுக்குப் பத்துப் பிட் வீதம் 240 பிட்டுகள். நொடிக்கு 9600 பிட் வேகத்தில், நொடியில் நாற்பதில் ஒரு பங்குக்குள் ஊர்ப்பெயர் போய்ச் சேர்ந்துவிடும்.

இம்முறையில் இரு சில்லுகளுக்கும் பொதுக் கடிகாரம் இல்லை. அததன் கடிகாரமே அததற்குத் துணை. இரண்டின் வேகமும் நூற்றுக்குச் சில பங்குக்கு மேல் வேறுபட்டால் செய்தி சிதையும். ஆகவேதான் 8051 பலகைகளில் 11.0592 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பொருத்துவது வழக்கமாயிற்று. அதனை 12ஆலும், பின் 32ஆலும், பின் 3ஆலும் வகுத்தால் மீதியின்றி 9600 கிடைக்கும். 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் அவ்வாறு கிடைப்பதில்லை. இவ்வெண்ணை ஒப்பிக்கும் மாணவர் பலர். காரணம் கூறுவோர் சிலரே.

வேலைக்கு ஆங்கிலமே வேண்டும் என்பாருக்கு நாம் மறுப்புரைக்கவில்லை. ஆனால் தாய்மொழியில் பொருளை விளங்கிக்கொண்டவர்க்கு ஆங்கில நூல் எளிதாகும் அன்றோ? கலைச்சொற்களை ஆக்கிக் குவித்தால் போதும் என்பாருக்கும் ஒரு சொல். திருவரங்கத்தில் வளர்ந்து, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்காற்றிய எழுத்தாளர் சுஜாதா, வழக்கிலுள்ள சொற்களைக் கொண்டே அறிவியலைத் தமிழ் மக்களுக்கு விளக்கினார். சொல்லினும் விளக்கமே முதன்மையானது.

எனவே தமிழ்த்துறையும் மின்னணுவியல் துறையும் கைகோத்து, ஆய்வகப் பயிற்சி ஒவ்வொன்றுக்கும் 'ஏன்' என்னும் வினாவுக்கு விடையாக ஒரு பக்கத்தை மாணவரைக் கொண்டே தமிழில் எழுதச் செய்யலாம். ஆண்டுக்குப் பத்துப் பக்கம் எழுதினாலும் போதும். அதனை அச்சிட்டு வழங்கச் சமுதாயப் பெரியோர் துணைநிற்க வேண்டும். லால்குடி வட்டத்துச் சிற்றூர்களிலிருந்து தமிழ்வழியில் பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைகளுக்கு நாம் செய்யத்தக்க உதவி இதனினும் வேறென்ன?