தேள்கடியும் மந்திரமும்

தேள் கொட்டினால் டாக்டரிடம் போவதற்கு முன் மந்திரிக்கிறவனிடம் ஓடுகிற வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. அவன் வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்து விஷத்தை “இறக்குகிறான்”. பொழுது விடிவதற்குள் கடுப்பு நின்றுவிடுகிறது. உடனே, “மந்திரம் பலித்ததே, இதற்கு உங்கள் பகுத்தறிவு என்ன சொல்லுகிறது?” என்று நம்மைக் கேட்கிறார்கள்.

தோழர்களே! மந்திரிக்காமல் சும்மா படுத்துக் கிடந்தவனுக்கு மாத்திரம் கடுப்பு நிற்கவில்லையா? பெரும்பாலான தேள்கடிகளில் வலியும் வீக்கமுமே உண்டு. அவை தாமாகவே அடங்கக் கூடியவை. தானாக அடங்குவதற்கு ஒருவன் கூலி வாங்குவதானது, சூரியனை நானே அழைத்து வந்தேன் என்று சேவல் தட்சிணை கேட்பது போன்றதேயாகும்.

நிற்க, தேனீ கொட்டினால் அதன் கொடுக்கு நஞ்சுப்பையோடு தோலில் தங்கி, ஒரு நிமிஷத்துக்குள் பெரும்பங்கு நஞ்சை இறக்கிவிடும். ஆகவே சுண்ணாம்பு தேடி அலையாமல், உடனே நகத்தாலாவது கொடுக்கை எடுத்தெறிய வேண்டும். குளவி பெரும்பாலும் கொடுக்கை விட்டுப் போவதில்லை. எது கொட்டினாலும் சோப்புப் போட்டுக் கழுவிக் குளிர்ந்த ஈரத் துணி வைக்கலாம். தோலுக்குள் இருக்கும் நஞ்சுக்குத் தோல்மேல் சுண்ணாம்பு பூசி என்ன பயன்? ஆனால் முகமும் உதடும் வீங்கி மூச்சுத் திணறினாலோ, பல தேனீக்கள் சேர்ந்து கொட்டினாலோ வீட்டு வைத்தியம் உதவாது. ஆஸ்பத்திரியில் போடும் அட்ரினலின் ஊசியே உயிரைக் காக்கும்.

இனி, செந்தேள் சங்கதி வேறு. கொட்டுப்பட்ட குழந்தை வியர்த்து, வாந்தியெடுத்து, கைகால் சில்லிட்டு, மூச்சிரைத்தால் நஞ்சு இருதயத்தைத் தாக்கிவிட்டது என்று அறிக. மகாராஷ்டிரத்தில் மகாட் என்னும் சிற்றூரில் வைத்தியம் செய்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்து வந்த பிரசோசின் மாத்திரை இதற்கு உதவுவதைக் கண்டு, 1986-ல் லான்செட் இதழில் வெளியிட்டார். அதற்கு முன் கடுமையாகத் தாக்கப்பட்டவர்களில் 100-க்கு 30 பேர் வரை மாண்டார்கள். அதற்குப் பின் சாவு மிகவும் குறைந்தது. ஆனால் மாத்திரை எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவுக்கே பலன்.

“மந்திரிப்பதால் நஷ்டமென்ன, மனசாந்திதானே?” என்பார் சிலர். நஷ்டம் நேரமாகும். மந்திரம் தேளின் விஷத்தை இறக்குவதில்லை. குழந்தை பிழைக்க வேண்டிய நேரத்தைத்தான் தின்கிறது. பெற்றவர்களே, வேப்பிலை மரத்திலேயே இருக்கட்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.